ஆண்கள் பகுதியில் சட்டை தேடும் பெண்ணுக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 26 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து சட்டை, பேன்ட், தொளதொள டி-ஷர்ட் இவைதான் பிடிக்கும். பூப்போட்டது, இடுப்பைப் பிடிப்பது, கழுத்து இறங்கியது என்று எதைப் போட்டாலும் வேறு யாருடைய துணியையோ இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கிறதாம். மூன்று விஷயம் கேட்கிறார். இது ஏதாவது கோளாறா? ஆண்கள் பகுதியில் ஆசையாக வாங்கி வரும் உடை தன் உடம்பில் ஏன் ஒழுங்காக உட்கார மாட்டேன் என்கிறது? 'ஏன் இப்படி ஆம்பளை மாதிரி?' என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

நான் 18 வருடமாகத் துணிக்கு பேட்டர்ன் வரைந்து வெட்டுகிறவள். என் அலமாரியில் இருக்கும் சட்டைகளில் பாதிக்கு மேல் ஆண்கள் அளவில் வாங்கி, நானே பிரித்துத் தைத்தவை. அதனால் இரண்டாவது கேள்விக்குத்தான் கை பரபரக்கிறது. ஆனால் முதல் கேள்வியில் பயம் தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடலாம்.

கோளாறு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இப்போது இருப்பது 11-வது பதிப்பு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாலின வழக்கத்துக்கு மாறான நடத்தையோ விருப்பமோ மட்டும் இருந்தால் அதை வைத்துப் பாலினம் சார்ந்த எந்த நோயறிதலும் செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். எதிர்பாலினத்தாரின் உடை அணிவதற்கென்று முந்தைய பதிப்பில் இருந்த தனிக் குறியீடுகளையும் எடுத்துவிட்டார்கள். 'டாக்டர்கிட்ட காட்டலாமா?' என்று யாராவது இழுத்தால், காட்டுவதற்கு எதுவும் இல்லை என்பதுதான் மருத்துவத்தின் பதில். கால்சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சின்னப் பெண்ணின் அம்மா அப்பாவுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு குழப்பமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது, நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. என்ன உடுத்தப் பிடிக்கிறது என்பது ஒன்று. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டும் இல்லாமலோ உணர்வது இன்னொன்று. யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை இல்லை. சட்டை பேன்ட்டில் வாழும் பெண்களில் பெண்களை விரும்புகிறவர்கள் உண்டு. ஆணைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தை குட்டியோடு இருப்பவர்களும் உண்டு. தான் பெண்ணே இல்லை என்று பின்னால் உணர்ந்தவர்கள் சிலர். வெறுமனே பாக்கெட் வேண்டும் என்பவர்கள் ஏராளம். உங்களுக்கே சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: உடை மாறினால் மனசு ஆறிவிடுகிறதா, அல்லது உடம்பே, கூப்பிடும் பெயரே மாற வேண்டும் என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் அந்த விஷயம் தெரிந்த ஒரு மனநல மருத்துவரிடம் நிதானமாகப் பேசலாம். முதலாவது என்றால் உங்களுக்குத் தேவை ஒரு நல்ல தையல்காரர்.

சரி, உடைக்கு வருவோம். 'ஆண் உடை' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இரண்டு விஷயம் ஒட்டிக் கிடக்கிறது. ஒன்று லேபிள். மற்றது வெட்டு. லேபிள் ஊர் சொல்வது; காலத்துக்குக் காலம் மாறும், நீங்கள் சட்டை செய்ய வேண்டியதில்லை. வெட்டு துணியிலேயே இருக்கிறது. தோள் இத்தனை இஞ்ச், மார்பு இத்தனை இஞ்ச் என்று கத்திரி முடிவு செய்துவிட்ட விஷயம் அது. அதற்கு மட்டும் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். பெண்கள் பெரும்பாலும் லேபிளோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, வெட்டிடம் தோற்றுப்போய்த் திரும்புகிறார்கள்.

லேபிள் எவ்வளவு ஆட்டம் ஆடியிருக்கிறது என்று பாருங்கள். இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய பேன்ட், சீனாவின் மேற்குக் கோடியில் துர்பான் பக்கம் யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்தது. சுமார் 3,000 வருடப் பழசு, கம்பளி நூலில் நெய்தது. கவட்டையில் கால் நன்றாக விரிய வேண்டும் என்பதற்காகத் தனியாக ஒரு துண்டு நெய்து வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். பேட்டர்ன் போடுகிறவள் என்ற முறையில் அந்தத் துண்டைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. அது குதிரை ஏறுகிறவர்களுக்கான வேலை உடை. கிரேக்கர்களுக்கும் ரோமர்களுக்கும் பேன்ட் என்றால் காட்டுமிராண்டிகள் போடுவது. கிரேக்க ஜாடிச் சித்திரங்களில் அமேசான் எனப்படும் போர்ப்பெண்கள் கால்சட்டையோடு வருகிறார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு கதை இதற்குத் தலைகீழ். அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் பாரசீகக் குதிரை வீரர்கள் போட்டது, ஐரோப்பிய ஆண்களிடம் போய், பிரான்சின் 14-ஆம் லூயி மன்னன் காலில் சிவப்புக் குதிகாலாக ஜொலித்து, அப்புறம்தான் பெண்கள் பக்கம் ஒதுங்கியது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆண் குழந்தைகளுக்கும் நாலைந்து வயது வரை கவுன்தான்.

லேபிளைக் காப்பாற்றச் சட்டமும் போட்டுப் பார்த்தார்கள். பாரிசில் 1800 நவம்பரில் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது: ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு வந்து அனுமதி வாங்க வேண்டும், அதுவும் மருத்துவக் காரணம் காட்டி. ரோசா போனேர் என்ற ஓவியர் அப்படி அனுமதிச் சீட்டு வாங்கியவர். குதிரைச் சந்தையிலும் இறைச்சிக் கூடத்திலும் நின்று விலங்குகளை வரைய வேண்டியவர். பாவாடையோடு அந்தச் சேற்றில் எப்படி நிற்பது? 1857-இல் அவருக்குக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிறகு 1892-லும் 1909-லும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பேன்ட் போடலாம். சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு அடி நடந்தால் குற்றம் என்று அர்த்தம்! இந்த ஆணை செல்லாது என்று பிரான்சின் பெண்கள் உரிமை அமைச்சர் அதிகாரபூர்வமாக அறிவித்தது 2013 ஜனவரியில்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராக வேலை பார்த்த மேரி எட்வர்ட்ஸ் வாக்கரை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. கோட்டும் பேன்ட்டும்தான் அவர் உடை. அதற்காகவே பலமுறை கைது செய்திருக்கிறார்கள். 1865-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள். 1917-இல் விதி மாறிவிட்டது என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். அவர் பதக்கத்தைக் கழற்றவில்லை. 1919-இல் இறக்கும்வரை கோட்டில் குத்திக்கொண்டே திரிந்தார். 1977-இல் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். இன்றுவரை அந்த விருது பெற்ற ஒரே பெண் அவர்தான்.

ஆனால் இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சூடானில் 2009-இல் லுப்னா ஹுசைன் என்ற பத்திரிகையாளரைப் பேன்ட் போட்டதற்காகப் பிடித்தார்கள். அபராதம் கட்டினால் விட்டுவிடுவோம் என்றது நீதிமன்றம். கட்ட மாட்டேன் என்று சிறைக்குப் போனார். அந்தச் சட்டம் நீங்கியது 2019-இல். உங்களுக்கு வருவது அதிகபட்சம் பக்கத்து வீட்டுப் பேச்சு என்றால், அது லேபிளின் கடைசி மூச்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெட்டு. இங்கே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

ஆண்களுக்கான சட்டை பேட்டர்னை மேஜையில் விரித்தால் ஏறக்குறைய ஒரு செவ்வகம் தெரியும். தோள் அகலம், மார்பு தட்டை, அங்கிருந்து கீழே நேராக இறங்கும். பெரும்பாலான பெண் உடம்பு அந்தச் செவ்வகத்தை இரண்டு இடத்தில் மீறுகிறது: மார்பில் முன்பக்கமாக, ஹிப்பில் (இடுப்புக்குக் கீழே உடம்பு அகலமாகும் இடம்) பக்கவாட்டில். தோளில் மட்டும் அதைவிடக் குறுகலாக இருக்கிறது. அதனால்தான் தோளுக்குச் சரியான சட்டை எடுத்தால் மார்பில் பட்டன் இழுக்கிறது, ஹிப்பில் உருண்டு ஏறுகிறது. ஹிப்புக்குச் சரியாக எடுத்தால் தோள் தையல் கைக்கு இறங்கி, அப்பா சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. 'எனக்கு ஆண் உடை பொருந்தாது' என்று நீங்கள் எழுதியிருந்தது இந்தச் சில இஞ்ச் விவகாரத்தைத்தான். உங்கள் உடம்பில் தப்பு எதுவும் இல்லை.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சட்டையைப் போட்டு எல்லா பட்டனும் மாட்டுங்கள். தோள் எலும்பு முடிகிற முனையை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். தோள் தையல் அங்கேயோ அரை இஞ்ச் தள்ளியோ இருந்தால் நல்லது. அப்புறம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, யாரையோ கட்டிப்பிடிக்கிற மாதிரி வையுங்கள். அந்த நிலையில் பக்கவாட்டுக் கண்ணாடியில் பட்டன் பட்டியைப் பாருங்கள். மார்புக்கு நேரே இரண்டு பட்டனுக்கு நடுவில் துணி வாய் திறக்கிறதா? லேசாகத் திறந்தால் சரிசெய்துவிடலாம். நேராக நிற்கும்போதே திறந்தால் அந்த அளவு வேண்டாம், அடுத்த அளவுக்குப் போங்கள். கடைசியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்; கடைசி பட்டன் ஹிப்பில் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

லேசாக வாய் திறப்பதற்கு மருந்து சின்னது. இரண்டு பட்டனுக்கு நடுவே, பட்டியின் உள்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. எப்போதும் தலை வழியாகவே கழற்றுகிற ஆளாக இருந்தால் பட்டியை மார்பிலிருந்து கீழ்வரை உள்தையல் போட்டு மூடிவிடலாம்; பட்டனும் காஜாவும் அலங்காரத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹிப்பில் இழுத்தால் சட்டையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுத் தையலை அடியிலிருந்து மூன்று நான்கு இஞ்ச் பிரித்து, இரண்டு ஓரத்தையும் மடித்து அடித்து ஸ்லிட்டாக விட்டால் போதும். அரை மணி நேர வேலை. நான் வாங்கும் ஒவ்வொரு சட்டைக்கும் முதல் நாளே செய்துவிடுகிறேன். இன்னொன்று, ஆண்களின் ஃபார்மல் சட்டை பேன்ட்டுக்குள் விடுவதற்காக நீளமாக வெட்டியது. வெளியே விட்டுப் போடுகிறவர் என்றால் பேன்ட் ஜிப்பின் நடுப்பாதி வரை வரும்படி வெட்டி மடித்துத் தையுங்கள். இதைச் செய்த பிறகு அதே சட்டை வேறு சட்டையாகத் தெரியும்.

மார்பு அளவு கூடுதலாக இருப்பவர்கள் தோளை விட்டுக்கொடுத்து மார்புக்கு வாங்க வேண்டிவரும். அப்போது அக்குள் வளைவில் துணி உபரியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இங்கேதான் டார்ட் (துணியைக் கூம்பாக மடித்துப் பிடித்து அடிக்கும் தையல்) பற்றித் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் தையல்காரர் பழக்கதோஷத்தில் தவறான டார்ட்டைப் பிடித்துவிடுவார். டார்ட்டில் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் தொடங்கி மார்பு நோக்கிப் படுக்கையாகப் போவது ஒன்று. அது உபரித் துணியைச் சாப்பிட்டுவிட்டு மார்பைச் சுற்றி இடத்தை மட்டும் ஒழுங்கு செய்யும், முன்னால் நின்று பார்த்தால் கண்ணில் படாது. மார்புக்குக் கீழே இருந்து இடுப்பு வழியாக நெட்டாக இறங்குவது மற்றது. அது இடுப்பைக் குறுக்கி வளைவு காட்டும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. 'இடுப்புல பிடிக்க வேண்டாம், பக்க டார்ட் மட்டும்' என்று சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள். என்னிடமே கற்றுக்கொண்ட பையன்கூட, பெண் சட்டை என்றதும் கை தானாக இடுப்பைப் பிடிக்கப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. தோள் தையலே இல்லாத, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக வெட்டிய ராக்லன் கை. அல்லது வேண்டுமென்றே தோளை இறக்கி வெட்டிய தொளதொளச் சட்டை. தோள் எங்கே முடிய வேண்டும் என்ற கேள்வியே இவற்றில் எழாது. குள்ளமாக, ஒல்லியாக இருப்பவர்கள் பெரிய பையன்களுக்கான பகுதியில் தேடிப் பாருங்கள். தோள் குறுகல், கை நீளம் குறைவு, உடல் நீளமும் குறைவு. ஆண்கள் பகுதியில் இருக்கும் மிகச் சிறிய அளவைவிட நன்றாக உட்காரும்.

துணி விஷயத்தில் என் கட்சி எப்போதும் கனத் துணிதான். மெல்லிய ரேயானும் பாப்ளினும் உடம்பில் ஒட்டி, எதை மறைக்க நினைத்தீர்களோ அதையே எழுதிக் காட்டும். ஆக்ஸ்ஃபோர்ட், ட்வில், டெனிம் மாதிரி துணிகள் தங்கள் வடிவத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு நிற்கும். மார்புப் பாக்கெட் இல்லாத சட்டையாகப் பாருங்கள். இருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள். அது தட்டை மார்பில் தட்டையாக உட்கார வடிவமைத்தது. நம் மேல் வைத்தால் வாய் பிளந்து நிற்கும்.

இடையில் பட்டன் பக்கம் மாறியிருப்பதையும் கேட்டிருந்தீர்கள். ஆண் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண் சட்டையில் இடப்பக்கம். பணக்காரப் பெண்களுக்கு வேலைக்காரி எதிரே நின்று பட்டன் போட்டதால் என்று ஒரு கதை, வாள் உருவுவதற்கு வசதி என்று ஒரு கதை. எல்லாம் பின்னால் கட்டிய கதைகள் மாதிரித்தான் எனக்குப் படுகிறது. இரண்டு வாரம் போட்டால் விரல் பழகிவிடும். அதற்கப்புறம் பெண்கள் சட்டை போடத்தான் தடுமாறுவீர்கள்.

பேன்ட்டுக்கு வருவோம். இங்கே ஆண்கள் பகுதியில் ஒரு பெரிய சுகம் உண்டு: அளவு இஞ்சில் இருக்கும். இடுப்பு, உள்கால் நீளம் என்று இரண்டு எண். பெண்கள் பகுதியில் 8, 10, 12 என்று போடுகிறார்களே, அந்த எண்ணுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று வரைந்தவருக்கே வெளிச்சம். ஆனால் இஞ்ச் என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 32 என்று எழுதியதை டேப் வைத்து அளந்தால் 34 வருவது சாதாரணம்.

வாங்கும்போது இடுப்பை மறந்துவிட்டு ஹிப்புக்கும் தொடைக்கும் வாங்குங்கள். இடுப்பில் பின்னால் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி நிற்கும், நிற்கட்டும். ஆண்களின் ஃபார்மல் பேன்ட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்பக்க நடுத்தையலில் இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். இடுப்புப் பட்டியையும் அந்த இடத்தில் இரண்டாக வெட்டிச் சேர்த்திருப்பார்கள். வயிறு கூடினாலும் குறைந்தாலும் பிரித்துத் தைக்கட்டும் என்று ஆண்களுக்குச் செய்துவைத்த ஏற்பாடு அது, நமக்கும் அப்படியே உதவுகிறது. அந்தத் தையலில் இரண்டு இஞ்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பின்னால் பார்க்க விகாரமாக இருக்கும். ஜீன்ஸில் இந்த வசதி கிடையாது. பட்டி ஒரே துண்டு, நடுத்தையல் மடித்து இரட்டையாக அடித்தது. அதனால் ஆண்கள் பகுதியில் முதன்முதலாக பேன்ட் எடுக்கிறவர்கள் ஜீன்ஸில் தொடங்காமல் ஃபார்மல் பேன்ட்டிலோ சினோவிலோ (பருத்தி ட்வில் துணி பேன்ட்) தொடங்கினால் மனசு உடையாமல் இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது பக்கப் பாக்கெட் காது மாதிரி விரிந்து நின்றால் ஹிப்பில் இறுக்கம் என்று அர்த்தம். முன்னால் மடிப்பு வைத்த ப்ளீட் பேன்ட்டுக்கு மாறுங்கள். உட்காரும்போது விரிந்து இடம் கொடுக்கும்.

கோட் சூட் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. செட்டாக விற்கும் சூட்டில் கோட்டின் மார்பளவுக்கும் பேன்ட்டின் இடுப்பளவுக்கும் பெரும்பாலும் ஆறு இஞ்ச் வித்தியாசம் வைத்திருப்பார்கள்; 40 கோட்டுக்கு 34 பேன்ட். நம் உடம்பு அந்தக் கணக்கில் வராது. கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனியாக விற்கும் இடத்தில் வாங்குங்கள். கோட்டில் தோள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் தைத்துக்கொள்ளலாம்.

பாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் தி புட்டிங் என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. பாதிப் பாக்கெட். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள்கூட இடுப்பில் நாடா கட்டிப் பாவாடைக்குள் பெரிய பை தொங்கவிட்டிருந்தார்கள். மேல்பாவாடையின் பிளவு வழியாகக் கையை விட்டால் எட்டும். ஒருவர் ஆண்கள் பேன்ட்டுக்கு மாற வேறு காரணமே வேண்டாம் என்பேன்.

'யூனிசெக்ஸ்' என்று எழுதியதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆண் பேட்டர்னையே எடுத்துச் சின்ன அளவு இரண்டைச் சேர்த்து அந்தப் பெயர் வைப்பதுதான் வழக்கம். நிறம் சாம்பல், காக்கி, கறுப்பு. டி-ஷர்ட்டுக்குப் பரவாயில்லை. உண்மையிலேயே இருவருக்கும் வேலை செய்யும் உடை எது என்றால், நாடா வைத்த இடுப்பு, அக்குளில் தனித்துண்டு வைத்த கை, பக்கத்தில் ஸ்லிட் உள்ளவை. அதாவது உடம்புக்கு ஏற்ப நெகிழ இடம் விட்டு வெட்டியவை.

ஷூ வாங்கும்போது பிரிட்டிஷ் எண் என்றால் ஆண் பெண் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே எண்தான். அமெரிக்க எண் என்றால் உங்கள் எண்ணில் ஒன்றரை குறைத்துக் கேளுங்கள். ஆண்களின் ஷூ அகலம் கூடுதல், அதனால் குதிகால் வழுக்குகிறதா என்று நடந்து பாருங்கள்.

மார்பு தட்டையாகத் தெரிய வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவே பலருக்குப் போதும். பைண்டர் (மார்பை அழுத்தித் தட்டையாக்கும் உள்ளாடை) போடுகிறவர்கள் சரியான அளவில் வாங்குங்கள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் வேண்டவே வேண்டாம். சுளுக்குக்குச் சுற்றும் எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றாதீர்கள். அது மூச்சு விட விட இறுகும். விலா எலும்பைப் பதம் பார்த்துவிடும். மூச்சுத் திணறலோ வலியோ வந்தால் உடனே கழற்றுங்கள்.

கடைசிக் கேள்வி, மனிதர்கள். 'ஏன் ஆம்பளை மாதிரி?' என்பதற்கு நான் இருபதுகளில் நீளநீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பாரிஸ் ஆணையெல்லாம் இழுத்து. இப்போது 'இதுதான் வசதி' என்பதோடு சரி. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதுமாக இருக்கிறது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன்: தோள் தொங்கி, கை விரல்வரை வந்து, பேன்ட் பாதத்தில் சுருண்டு கிடக்கும்போதுதான் பேச்சு அதிகம் வரும். அதே சட்டையை அளவாகத் தைத்துப் போட்ட நாளில் 'எங்க தைச்ச?' என்று கேட்டார்கள். வீட்டாரிடமும் வாதத்தைவிட இது வேலை செய்தது. விசேஷத்துக்குப் போகும்போது கசங்கிய டி-ஷர்ட்டில் போய்ப் போராடாமல், அடர் நிறத்தில் ஒரு நல்ல கோட், இஸ்திரி போட்ட சட்டை என்று போங்கள். அம்மாக்களின் கவலை பல சமயம் பெண் ஆண் மாதிரி தெரிகிறாள் என்பதைவிட, நாலு பேர் முன்னால் அக்கறையில்லாமல் வந்து நிற்கிறாள் என்பதுதான்.

அலுவலகத்தில் யாராவது ஆட்சேபித்தால் வாய்ப்பேச்சாக விடாமல், எழுத்தில் என்ன விதி இருக்கிறது என்று கேளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். விதியை எடுத்துக் காட்டுங்கள் என்றதும் அப்படி ஒரு விதியே இல்லை என்று தெரிந்தது. விதி இருக்கும் இடங்களிலும் அது அசைந்திருக்கிறது. அமெரிக்க செனட் அவையில் பெண் உறுப்பினர்கள் பேன்ட் போட்டு வரும் வழக்கம் வந்தது 1993-இல்தான். பார்பரா மிகுல்ஸ்கியும் கேரல் மோஸ்லி பிரானும் போட்டுக்கொண்டு போய் நின்ற பிறகு. பிரிட்டிஷ் ஏர்வேஸில் புதிதாகச் சேரும் விமானப் பணிப்பெண்கள் பேன்ட் கேட்டுப் பெற முடிந்தது 2016-இல்.

குட்டை முடியும் சேர்ந்தால் இரண்டு இடத்தில் சங்கடம் வரும். ஒன்று பெண்கள் கழிவறை. 'சார், இது லேடீஸ்' என்பார்கள். குரலைக் கொஞ்சம் எழுப்பி 'தெரியுங்க' என்று சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். புது இடங்களில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டே நுழைவது சுலபம். மற்றது பாதுகாப்புச் சோதனை. உடம்பை ஸ்கேன் செய்யும் விமான நிலைய இயந்திரங்கள் பலவற்றில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று பரிசோதகர் ஒரு பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இயந்திரம் இன்னும் இருக்கும் இடத்தில், உங்களைப் பார்த்து ஆண் பட்டனை அழுத்திவிட்டால் மார்புப் பகுதியில் ஏதோ இருக்கிறது என்று இயந்திரம் கத்தும். வரிசையில் நிற்கும்போதே 'நான் பெண்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மார்பு, இடுப்பு, ஹிப் சுற்றளவும், ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை முதுகுப்பக்க அளவும் எழுதி அனுப்புங்கள். எந்த அளவுச் சட்டையில் தொடங்கலாம், எங்கே பிரிக்கச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். டேப்பை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு விரல் உள்ளே விட்டு அளங்கள்.